அஞ்சு விரல் சார்

அவருடைய முகத்தைவிட வலது கைதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. குட்டையான, தடித்த விரல்கள். ஆள்காட்டி விரலின் நகம் எப்போதோ எதிலோ நசுங்கிக் கறுத்துப்போய், திரும்பச் சரியாக வளராமல் நின்றுவிட்டிருந்தது. அந்தக் கையை நம் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு "ஏன்?" என்று கேட்பார். நாம் ஒரு பதில் சொன்னதும் கட்டைவிரலை மடக்குவார். அந்தப் பதிலுக்கு இன்னொரு "ஏன்?". அடுத்த விரல் மடங்கும். இப்படியே போய்ச் சுண்டு விரலும் மடங்கிக் கை மூடும்போது, கடைசியாக வந்த பதில்தான் மூல காரணம். மூடிய கையால் மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். விசாரணை முடிந்தது என்று அர்த்தம்.

ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்க்கும் கார் உதிரிபாகக் கம்பெனியில் அவர் குவாலிட்டிக்குப் பொறுப்பாளர். நான் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். என் கணவர் மெயின்டனன்ஸில். ஐந்து தடவை ஏன் கேட்பது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை. இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் சுவரில் அதைப் பற்றி ஒரு போர்டு தொங்கும். மற்றவர்கள் ஆடிட் வரும்போது மட்டும் அதைச் செய்வார்கள். அவர் பல் விளக்கும்போதும் செய்வார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். லைனில் அவருக்கு அஞ்சு விரல் என்று பெயர். எதிரில் வந்தால் சார்.

பிள்ளைப்பாக்கத்துக்காரர். சொந்த ஊரிலேயே, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மனைவி ஒருமுறை கடையில் என்னைப் பார்த்தபோது சொன்னார்: "பால் பொங்கிட்சின்னா தொடைச்சி வுட்டுட்டு போலாம்ல? ஏன் பொங்குச்சின்னு நிக்க வெச்சிக் கேப்பாரு. அதுக்கே நான் பால அவுரு கெளம்புனப்புறம் காச்சறேன்."

ஒரு நாள் கேன்டீனில் சாம்பாரில் உப்பு தூக்கல். எல்லாரும் திட்டிக்கொண்டே மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தோம். அவர் மட்டும் தட்டோடு எழுந்து சமையல் பக்கம் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"உப்பு ஏன் ஜாஸ்தியாச்சு?"

"கை தவறிடுச்சு சார்" என்றார் மாஸ்டர்.

"தெனமும் தவறாத கை இன்னிக்கு ஏன் தவறுச்சு?"

உப்பு அள்ளும் கரண்டி உடைந்துவிட்டது, அதனால் அன்றைக்கு ரசக் கரண்டியால் அள்ளினார்கள் என்று தெரிந்தது. புதுக் கரண்டி ஏன் வாங்கவில்லை என்று அடுத்த விரல். மாஸ்டர் என்னைக் காட்டினார். "ஸ்டோர்ஸ் மேடத்தாண்ட கேட்டுக்கினேதான் கீறேன் சார். அவங்க குடுக்கல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் விரலை மடக்கவில்லை.

"ஆள் பேர சொல்லாத. ஆள் பேரு காரணம் ஆவாது. ஏன் குடுக்கல, அத்த சொல்லு."

கேன்டீன் சாமான் எதுவும் ஸ்டோர்ஸ் கணக்கில் வருவதில்லை, கேன்டீன் கான்ட்ராக்டர் கணக்கிலும் வருவதில்லை என்பதில் போய் முடிந்தது. கை மூடி மேஜையைத் தட்டியது. மறு வாரமே என் அலமாரியில் கரண்டிகளுக்கு ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. சிரித்தோம். ஆனால் அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவர் என் பெயரைத் தள்ளிவிட்டதை நான் மறக்கவில்லை.

அது அவர் கெட்டியாகப் பிடித்திருந்த விதி. ஒருமுறை கஸ்டமரிடமிருந்து புகார் வந்தது. பிராக்கெட்டில் ஒரு நட்டு இல்லை. அந்த ஸ்டேஷனில் இருந்த பெண் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று சூப்பர்வைசர் எழுதிவிட்டார். கான்ட்ராக்ட் ஆள், அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். இவர் அந்தப் பேப்பரை எடுத்து நாலாகக் கிழித்து அந்த சூப்பர்வைசர் பாக்கெட்டிலேயே வைத்தார். பிறகு அரை நாள் அந்த ஸ்டேஷனில் நின்றார். புது ரேக் ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததில் ட்யூப்லைட் வெளிச்சம் மறைந்து, சரியாக அந்த நட்டு மாட்டும் இடத்தில் நிழல் கட்டியிருந்தது. லைட்டை நகர்த்தினார்கள். அந்த அம்மா இப்போதும் அதே ஸ்டேஷனில்தான் இருக்கிறார்.

அவரைக் கோபப்படுத்தும் வார்த்தை ஒன்று உண்டு: ரிப்பீட். "டிஃபெக்ட் வரலாம்யா. மனுசன் செய்யற வேலை. அதே டிஃபெக்ட் ரெண்டாம் வாட்டி வந்தா நாம மொத வாட்டி ஒண்ணியும் புடுங்கலன்னு அர்த்தம்."

அப்படிப்பட்ட மனிதருக்கும் என் மகளின் தொண்டைக்கும் பழக்கமானது ஒரு ஆயுத பூஜை அன்று.

ஆயுத பூஜைக்கு மட்டும் கம்பெனிக்குள் குடும்பத்தை விடுவார்கள். பிரெஸ் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், கன்வேயருக்குத் தோரணம், கையில் பொரிப் பொட்டலம், லட்டு. மகளுக்கு அப்போது நான்கு வயது. லட்டு கொடுக்கும் மேஜையருகே போய் "இன்னொண்ணு" என்று கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டுச் சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த ஆபரேட்டர் மாதிரில்ல பேசுது பாப்பா" என்றார் ஒருவர். அவளும் சேர்ந்து சிரித்தாள். சத்தமே வராத சிரிப்பு.

அவர் சிரிக்கவில்லை. வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவள் உயரத்துக்குக் குந்தினார்.

"எப்பலேர்ந்து இப்டி கீது?"

"பேச ஆரம்பிச்சதுலேர்ந்தே சார். வீசிங்னு சொல்லி மருந்து குடுக்கறாங்க. இழுக்கறது, நெபுலைசர் எல்லாம் வெக்கறோம்."

"வெச்சா?"

"அப்படியேதான் இருக்கு."

அவர் என் கணவரைப் பார்த்தார். "யோவ் மெயின்டனன்ஸு. ஒரு பார்ட்ட மாத்துற. சத்தம் நிக்கல. திரும்ப அதே பார்ட்ட மாத்துற. நிக்கல. இன்னா அர்த்தம்?"

"பார்ட் அது இல்ல சார்."

"அப்பறம் ஏன் கொழந்தைக்கு அதே மருந்த ஊத்திக்கினு கீறீங்க?" என்று கையை விரித்தார். கட்டைவிரல் மடங்கியது. மகள் கையை நீட்டி அதைப் பிடித்து மறுபடி நிமிர்த்திவிட்டாள். அவர் மடக்க, இவள் நிமிர்த்த, அது அவர்களுக்குள் விளையாட்டாகிவிட்டது. குரல் எழும்பாத குழந்தைக்கு அது ஒரு பேச்சு.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வருஷக்கணக்கில் டாக்டர் வீட்டுக்கு அலைபவள் நான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று பள்ளியில் சொன்னார்கள், ஐஸ்க்ரீம் கொடுக்காதே என்றார்கள் சொந்தக்காரர்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள் எல்லாரும். கடைசியில் போல்ட் நட்டு பார்ப்பவரிடமும் கேட்க வேண்டுமா? ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார் அந்த இளம் பெண் டாக்டர். குரல் நாண்களின் மேல் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஏதோ முளைத்திருந்தது. காலிஃபிளவர் மாதிரி. நடுவில் ஒரு சின்னக் கோடு அளவுக்குத்தான் இடம். அதன் வழியாகத்தான் என் குழந்தை மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இது வீசிங் இல்லம்மா. வைரஸால வர்ற மரு. உடனே எடுக்கணும். இன்னும் விட்டிருந்தா மூச்சே அடைச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

அறுவை முடிந்து, பேசலாம் என்று சொன்ன பிறகு ஒரு காலையில் சமையலறையில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து "அம்மா, தண்ணி" என்று ஒரு குரல். எதிர் வீட்டுக் குழந்தை வந்திருக்கிறது என்று நினைத்துத் திரும்பினேன். என் மகள்தான். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் "தண்ணி, தண்ணி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கும் அதைக் கேட்க ஆசையாக இருந்திருக்க வேண்டும்.

முதல் போன் சாருக்குத்தான் போட்டேன். மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணிக் காட்டினாள். அந்தப் பக்கம் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "சரிம்மா, நல்லது. ஏன் வந்துச்சாம்? கேட்டீங்களா?" என்றார்.

அந்தக் குரல் கொஞ்ச மாதம்தான் இருந்தது.

முதலில் சாயந்தரங்களில் மட்டும் கரகரத்தது. விளையாடியதால் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு காலையிலும். திரும்ப அதே ஆஸ்பத்திரி, அதே பச்சைத் துணி, அதே வெறும் வயிறு, அதே கதவு. "திரும்ப வரும்மா. நிறையப் பிள்ளைங்களுக்கு வரும். சில பேருக்கு வளர வளர நின்னுடும். எப்போன்னு சொல்ல முடியாது. அடைக்கறதுக்கு முன்னாடி வந்து எடுத்துக்கணும், அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். எத்தனை தடவை என்று சில காலம் எண்ணினோம், பிறகு விட்டுவிட்டோம். ஒவ்வொரு முறையும் பள்ளியில் ஒரு புது டீச்சருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் லீவு கேட்கும்போது "மறுபடியுமா?" என்று ஒரு கேள்வி. மறுபடியும்தான். நான் என்ன செய்யட்டும்?

அஞ்சு விரல் சாருக்கு அது பொறுக்கவே இல்லை. தன் லைனில் வந்த ரிப்பீட் மாதிரி எடுத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, எங்கள் வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"வெட்டி வெட்டி எடுக்கறாங்க, அவ்ளோதான. அது சார்ட்டிங். ஸ்கிராப்ப பொறுக்கி எடுக்கறது. மெஷின சரி பண்ணாம ஸ்கிராப்ப பொறுக்கிக்கினே இருந்தா?"

லாரிப் புழுதி என்று ஒரு விரல் மடங்கியது. பின்சுவர் ஈரம் என்று ஒன்று. பக்கத்து ஷெட்டில் பெயின்ட் அடிக்கும் நெடி என்று ஒன்று. டாக்டர் வைரஸ் என்று சொன்னாரே என்றேன். "வைரஸுக்கு ஒரு எடம் வோணும்ல" என்றார். என் கணவர் அவர் சொன்னதை அப்படியே கேட்பவர். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி வேறு வீடு பார்த்தோம். மெத்தையைத் தூக்கிப் போட்டோம். மகள் ஆசையாக வளர்த்த கிளியைக் கொடுத்துவிட்டோம். அவள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. புது வீட்டில் புழுதி இல்லை, நெடி இல்லை, ஈரம் இல்லை. மரு வந்தது.

அடுத்த முறை காட்டப் போனபோது அவரே தன் காரை எடுத்துக்கொண்டு வந்தார். "நான் கேக்கறேன் டாக்டராண்ட" என்றார். மகளை வெளியே நர்ஸிடம் விட்டுவிட்டு நான், என் கணவர், அவர் என்று மூவரும் உள்ளே உட்கார்ந்தோம். அவர் கை டாக்டரின் மேஜைமேல் விரிந்தது.

குரல் ஏன் போகிறது? மரு. மரு ஏன் வருகிறது? வைரஸ். எடுத்த பிறகும் ஏன் வருகிறது? மருவை எடுத்தாலும் வைரஸ் சுற்றியுள்ள திசுவில் தங்கிவிடுகிறது. டாக்டர் பொறுமையாகவே சொன்னார். இத்தனை சின்னக் குழந்தைக்குத் தொண்டைக்குள் அது ஏன் போனது?

"பிறக்கும்போதே போயிருக்கலாம் சார். பெரும்பாலும் பிரசவத்தப்போதான்."

நாலாவது விரல் மடங்கியது. "பொறக்கும்போது ஏன்?"

"அம்மா உடம்புல இருந்திருக்கும். அங்கேருந்து குழந்தைக்கு."

சுண்டு விரல் மடங்கியது. கை மூடியது.

டாக்டர் நிறுத்தவில்லை. இது உடலுறவில் தொற்றக்கூடிய, மிகச் சாதாரணமான வைரஸ், எத்தனையோ பேர் உடம்பில் வந்துவிட்டுப் போவது அவர்களுக்கே தெரியாது, எப்போது வந்தது யாரிடமிருந்து வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, இதில் யார் தப்பும் இல்லை என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் கேட்டேன். மற்ற இருவரும் கேட்டார்களா தெரியாது. நான் சார் முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒரு நிம்மதி. லைனில் அந்த நிழலைக் கண்டுபிடித்தபோது இருந்த அதே நிம்மதி. டாக்டரின் மேஜையில், மெதுவாக, ஒரு தட்டு தட்டினார்.

திரும்பும் வழியில் பின்சீட்டில் மகள் என் மடியில் தலைவைத்துத் தூங்கினாள். அவள் மூச்சு விசிலடித்தது.

அதற்குப் பிறகு என் கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. ஒரு ஞாயிறு, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"உனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

புரியாத மாதிரி நிற்க முடியவில்லை. "தெரியல" என்றேன். "உங்ககிட்டேருந்துகூட வந்திருக்கலாம். டாக்டர் சொன்னாங்களே."

"எனக்கு எங்கேருந்து வரும்?"

"அதான் எனக்கும் தெரியலன்றேன்."

அவர் நம்பவில்லை. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். டாக்டர் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். என் வாயிலிருந்து வந்தால் அது சாக்கு மாதிரித்தான் கேட்டது. அடுத்த முறை மகளைக் காட்டப் போகும்போது அவர் லீவு போடவில்லை. நானும் அவளும் ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து ரயில் பிடித்துப் போனோம். கூட்டத்தில் அவள் மூச்சுச் சத்தம் கேட்டு ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டு தள்ளி நின்றாள். மறுபடியும் வளர்ந்திருக்கிறது, தேதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். "அப்பா வரலையா?" என்றும் கேட்டார்.

மறுநாள் அஞ்சு விரல் சார் ஸ்டோர்ஸுக்கு வந்தார். கம்பிக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்று சிவப்பு டேக் கேட்டார். ரிஜெக்ட் ஆன சரக்கில் கட்டுவது.

"பாப்பா எப்டி கீதும்மா?"

"திரும்ப வந்திருக்கு சார்."

"வரும். இன்னா பண்றது. காரணந்தான் தெரிஞ்சிபோச்சே. இதுக்குமேல நம்ம கையில இல்ல."

"என்ன காரணம் சார்?"

அவர் டேக்கை எண்ணுவது மாதிரி குனிந்தார். "அதான் அன்னிக்கு டாக்டரம்மா..."

"என் பேரைச் சொல்லுங்க சார். கூச்சப்படாதீங்க."

அவர் நிமிர்ந்தார். என் பின்னால் அலமாரியில் அந்தக் கரண்டித் தட்டு இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினேன். "கரண்டி விஷயத்துல என் பேரு வரக்கூடாதுன்னீங்க. அந்த நட்டு போனதுக்கு அந்தம்மா பேரை எழுதினாங்கன்னு பேப்பரைக் கிழிச்சீங்க. என் குழந்தை விஷயத்துல மட்டும் என் பேருகிட்ட வந்ததும் ஏன் சார் கையை மூடிட்டீங்க? உனக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு அவர் என்னைக் கேக்கறார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கறார். நான் இப்போ குழந்தையைப் பார்க்கறதா, இதுக்குப் பதில் சொல்றதா?"

இவ்வளவையும் குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு டேக்கை எடுக்காமலே போய்விட்டார்.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. என் கணவரிடம் நேராக ஆரம்பித்தார்.

"யோவ், அந்த அனாலிசிஸ் தப்பு."

"எது சார்?"

"ஆஸ்பத்திரில நான் பண்ணது. ஆளாண்ட வந்து நிறுத்திட்டேன். எவன் எவனயோ அதுக்குத் திட்டியிருக்கேன். நானே பண்ணிட்டேன்."

"டாக்டரே சொன்னாங்களே சார், அம்மா உடம்புலேருந்துன்னு."

"டாக்டரம்மா வந்த வழிய சொன்னாங்க. நான் அதுல பேர எழுதிட்டேன். வழி வேற, காரணம் வேறயா. பைப்புல தண்ணி வருது, பைப்பாயா தப்பு பண்ணுச்சு?" கையை விரித்தார். குரல் உயர்ந்தது. கோபம்தான், யார்மேல் என்று தெரியவில்லை. "உனக்கு எங்கேருந்துன்னு கேட்டியாமே. கேளு. அப்டியே அடுத்த வெரலுக்கு வா. உனுக்கு எங்கேருந்து? உனுக்குக் குடுத்த ஆளுக்கு எங்கேருந்து? எனுக்கு இல்லன்னு யாரு சொன்னா? எங்க போய் நிப்ப?"

என் கணவர் தரையைப் பார்த்தார். மகள் அறையிலிருந்து வந்து, பழக்கத்தில், விரித்திருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ காரணம் என்ன சார்?" என்றார் என் கணவர்.

அவர் கையை மடக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கம்பெனியில் யாரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தை அது. சொல்லும்போது பல்வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

"தெரில."

காபிகூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

அடுத்த அறுவைக்கு என் கணவர் லீவு போட்டார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. காரைக் கிளப்பி வாசலில் நிறுத்தினார், அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. மாடியில் நான் சொன்ன அதே வார்த்தை, தெரியல. நான் சொன்னபோது மறைக்கிறேன் என்று அர்த்தம். சார் சொன்னபோது அது அனாலிசிஸ். இன்று நினைத்தாலும் அந்த எரிச்சல் போகவில்லை. அந்த மனிதர் இல்லாவிட்டால் என் மகள் இல்லை. அந்த மனிதரால்தான் மாதக்கணக்கில் என் வீட்டிலேயே நான் குற்றவாளியாக நின்றேன். இரண்டையும் செய்தது ஒரே கை. எதற்கு நன்றி சொல்வது, எதற்குத் திட்டுவது என்று தீர்மானிப்பதற்குள் அவர் வேறு மாநிலத்தில் புதிதாகத் திறந்த ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். போகிற நாள் ஸ்டோர்ஸுக்கு வந்து, தன் பாதுகாப்புக் கண்ணாடியையும் ஷூவையும் ஒப்படைத்தார். "பாப்பாவ பாத்துக்கோம்மா" என்றார். "ரிப்பீட் ஆச்சின்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ரிப்பீட் ஆகிறது. முன்பைவிட இடைவெளி அதிகம், அதை வைத்து நம்பிக்கை வைக்காதீர்கள் என்கிறார் டாக்டர். மகள் இப்போது ஆறாம் வகுப்பு.

போன மாதம் பள்ளியிலிருந்து போன் வந்தது. விளையாட்டு பீரியடில் ஓடியிருக்கிறாள், மூச்சு வாங்குகிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் கழுத்துக் குழி உள்ளே உள்ளே போகிறது. ஏர் லைனில் லீக் ஆனால் வருமே ஒரு சீறல், அந்தச் சத்தம். என் கணவர் அவளைத் தூக்கிக் காரில் போட்டார். காலை ஷிஃப்ட் விடும் நேரம். ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்து நின்றன. எல்லாம் வெள்ளை பஸ், எல்லாவற்றிலும் தலை சாய்த்துத் தூங்குகிறவர்கள். ஹாரன் அடித்துப் பயனில்லை. அவர் இறங்கி ஓடிப்போய் ஒவ்வொரு பஸ்ஸாகக் கண்ணாடியைத் தட்டி ஒதுங்கச் சொன்னார். நான் பின்சீட்டில் அவளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழு, விடு, இழு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே மூச்சு மறந்துவிட்டது. அந்தச் சந்திப்பை இப்போது பஸ்ஸில் தினமும் கடக்கும்போதும் என் கை மடியில் எதையோ பிடித்துக்கொள்கிறது.

போய்ச் சேர்ந்தோம். எடுத்தார்கள். சில நாள் பேசக் கூடாது என்றார்கள்.

வார்டில் அவள் கண் விழித்தபோது கட்டிலின் ஒரு பக்கம் நான், மறு பக்கம் என் கணவர். பேசக் கூடாது என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டினாள். கொஞ்ச நேரம் மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையைத் தூக்கி விரித்தாள். கட்டைவிரலை மட்டும் மடக்கினாள். ஏன்.

எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. நான் அவரைப் பார்த்தேன். பயமாகத்தான் இருந்தது.

அவர் குனிந்து, அவள் கையைப் பிடித்து, மடங்கியிருந்த கட்டைவிரலை மெதுவாக நிமிர்த்திவிட்டார்.

"தெரியலடா கண்ணு" என்றார். "அம்மாவுக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."